வேலூரில் மாணவர் ராக் பாடலைப் படமாக்குவது எப்படி: நாள் குறிப்பதிலிருந்து பதிவேற்றுவது வரை

4 நிமிடம் 12 விநாடி ஓடும் ஒரு பாடலைப் படமாக்க எங்கள் நால்வர் குழுவுக்கு 11 வாரம் ஆயிற்று. அதில் படத்தில் சேர்ந்த காட்சிகளுக்காகக் கேமரா ஓடியது ஒன்றரை நாள்தான். மீதி நாள்கள் கடிதம் கொடுக்கவும், கொடுத்த கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிக்கவும், வாடகைக்குக் கேமரா கிடைக்காமல் தேதியை மாற்றவும் கழிந்தன. கடைசி ஆண்டில் படித்துக்கொண்டே இதைச் செய்ததால் ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வையும் நான் கோட்டை விட்டேன். வேலூர், காட்பாடிப் பக்கம் படித்துக்கொண்டு, சொந்தப் பாட்டுக்கு முதன்முறையாகப் படம் எடுக்கப் போகிறவர்கள் அந்த 11 வாரத்தை 6 வாரமாகவாவது குறைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேமராக் கோணம், நடிப்பு, கதை ஆகியவற்றைச் சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆவணம், செலவு, நாள் கணக்கு ஆகியவற்றை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1. பாட்டு முடியும் வரை கேமராவைப் பற்றிப் பேசாதீர்கள்

கலவையும் (தனித்தனியே பதிந்த ஒலிகளைச் சேர்ப்பது) மாஸ்டரிங்கும் (சேர்த்த ஒலியை வெளியீட்டுக்குச் செம்மைப்படுத்துவது) முடிந்த இறுதிக் கோப்பு கையில் வரும் முன் படப்பிடிப்புக்கு நாள் குறிக்கக் கூடாது. டெமோவை (மாதிரிப் பதிவை) ஓடவிட்டுப் படம் எடுத்துவிட்டுப் பிறகு பாட்டை மெருகேற்றலாம் என்று நாங்கள் நினைத்தோம். இறுதிக் கலவையில் இரண்டாம் சரணத்துக்கு முன்னிருந்த கிதார் பகுதி 4 தாளக்கட்டு குறைந்துபோனது. அதற்கு முன்பே ஒரு மாலை முழுவதும் மொட்டை மாடியில் எடுத்த காட்சிகளில் அந்த இடத்துக்குப் பிறகு எதுவும் உதட்டோடு பொருந்தவில்லை.

பாட்டைப் பதிவு செய்யும்போதே டிரம்ஸ் வாசிப்பவர் கிளிக்கை (தாளம் காட்டும் சீரான ஒலியை) காதில் கேட்டு வாசித்திருந்தால் பிறகு வெட்டி ஒட்டுவது எளிது. தாளம் ஓடியும் இழுத்தும் போகும் பாட்டில், ஒரு டேக்கில் எடுத்த பல்லவியை இன்னொரு பல்லவியின் மேல் வைக்க முடியாது. இறுதிக் கோப்பின் தொடக்கத்தில் நான்கு கிளிக் ஒலிகளைச் சேர்த்து, படப்பிடிப்புக்கென்று தனியாக ஒரு பிரதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே நொடியில் தொடங்க அது போதும்.

2. பாட்டு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்

பிறர் பாட்டை உங்கள் பாணியில் வாசித்துப் படமாக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, ஒரு பாடலின் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டு கழிந்த பிறகு, முன்னறிவிப்பும் உரிமத்தொகையும் கொடுத்து அதை மறுபடி ஒலிப்பதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் அந்த வழி ஒலிப்பதிவுக்கு மட்டுமே உரியது. அதே பாட்டைக் காட்சியோடு சேர்க்க இசையின் உரிமையாளர், வரிகளின் உரிமையாளர் ஆகியோரின் அனுமதி தனியாக வேண்டும். மாணவர் குழுவின் மின்னஞ்சலுக்கு இசை நிறுவனங்கள் பதில் எழுதும் என்று காத்திருந்தால் பட்டமளிப்பு விழாவே முடிந்துவிடும்.

சொந்தப் பாட்டென்றாலும் எழுதி வைக்க வேண்டியது உண்டு. வரிகளை எழுதியவர், மெட்டமைத்தவர், ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் தயாரிப்பாளர் என்று பொறுப்பேற்பவர் ஆகியோரின் பெயரை வரிசையாக எழுதி, குழுவினர் எல்லாரும் கையொப்பமிட்ட ஒரு பக்கம் வேண்டும். சட்டத்தின் பார்வையில் ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் ஆசிரியர் (படைத்தவர்) அதன் தயாரிப்பாளரே. எனவே கேமரா பிடித்த நண்பரும் எடிட் செய்த தம்பியும் அந்தத் தாளில் கையொப்பமிட வேண்டும். உரிமையை ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் காலமும் இடமும் குறிப்பிடப்பட வேண்டும். குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் தானே எடுத்துக்கொள்ளும். எங்கள் பேஸ் கிதார் வாசிப்பவர் பாதியில் குழுவை விட்டு விலகியபோது மனக்கசப்பு வந்தது, வழக்கு வரவில்லை. அந்த ஒரு பக்கமே அதற்குக் காரணம்.

பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்ய விரும்புகிறவர்களுக்குக் கட்டணம் இசைப்படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய், திரைப்படத்துக்கு 5,000 ரூபாய். விண்ணப்பித்த பிறகு யாராவது மறுப்பு எழுப்புகிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். நாங்கள் பதிவு செய்யவில்லை.

3. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்

இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. வேலூரில் வாடகைக்குக் கிடைக்கும் நல்ல கேமராக்களில் பெரும்பாலானவை கல்யாண ஸ்டூடியோக்காரர்களிடம்தான் இருக்கின்றன. முகூர்த்த நாளில் கேமரா, லென்ஸ், விளக்கு, ஜெனரேட்டர், டாடா ஏஸ் வண்டி எதுவும் உங்கள் பக்கம் திரும்பாது. எங்கள் முதல் தேதி வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு கடைகளில் கேட்டோம், ஆறு பேரும் காலண்டரைக் காட்டினார்கள். வெயிலும் அப்போது நாற்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டை அணிந்த நால்வர் வெட்டவெளியில் ராக் வாசிக்கும் பருவம் அதுவன்று.

கல்யாணம் இல்லாத மாதங்கள் உங்களுக்கு வாய்ப்பானவை. ஆடியில் ஸ்டூடியோக்காரர்கள் விலையைக் குறைக்க இசைவார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் திருவிழா நடப்பதால் மைக்செட்காரர்களும் ஜெனரேட்டர்காரர்களும் கிடைக்கமாட்டார்கள், மாலையில் இடி மழையும் வரலாம். மார்கழியே என் தேர்வு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், காலையில் மலைகளின் அடியில் பனிமூட்டம் இலவசமாகக் கிடைக்கும், வெயில் சாய்வாக விழும், பருவத் தேர்வும் முடிந்திருக்கும். கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும் என்றாலும், படத்தில் அன்றைய ஒலி எதுவும் பயன்படப் போவதில்லை என்பதால் அது உங்களுக்குத் தடையில்லை.

தேதியை முடிவு செய்யும் முன் இன்னும் இரண்டைப் பாருங்கள். அந்தப் பகுதிக்கு மின்வாரியம் அறிவித்திருக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒன்று. கல்லூரியில் அன்று தேர்வோ பார்வையாளர் குழுவின் வருகையோ இருக்கிறதா என்பது மற்றொன்று. குறித்த தேதிக்கு ஒரு வாரம் தள்ளி மாற்றுத் தேதி ஒன்றையும் எல்லாக் கடிதங்களிலும் சேர்த்தே எழுதிவிடுங்கள். அப்படி எழுதாததால் மழை பெய்த ஒரு நாளுக்காக நாங்கள் எல்லாக் கடிதங்களையும் மறுபடி கொடுத்தோம்.

4. இடங்களில் எது கிடைக்கும், எது கிடைக்காது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கோட்டைதான். அகழியும் மதிலும் பின்னால் நிற்க நடுவே டிரம்ஸ் இருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை எங்களுக்கும் வந்தது. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். நண்பர்கள் கைப்பேசியில் படம் எடுப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் முக்காலி, விளக்கு, வாத்தியம், நடிப்பவர்கள் என்று சேர்ந்துவிட்டால் அது படப்பிடிப்பு. அதற்கு உரிமம் வேண்டும், கட்டணமும் வைப்புத்தொகையும் ஒரு நாளுக்கு என்று கணக்கிடப்படும், அந்தத் தொகை உங்கள் முழுச் செலவையும் விழுங்கிவிடும். விடியற்காலையில் போய்ச் சட்டென்று எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டால் கேமரா ஒருபக்கமும் கல்லூரி அடையாள அட்டை மறுபக்கமும் போகும்.

காட்பாடிச் சந்திப்பும் தண்டவாளங்களும் அடுத்த ஆசை. ரயில்வே இடத்தில் படம் எடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கக்கூடிய குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தப் பாதையில் வண்டிகள் வருகிற வேகத்தில் காதுக்குள் பாட்டை வைத்துக்கொண்டு நிற்பது சாவை அழைப்பதுதான்.

மலைகளில் காப்புக்காட்டுக்குள் வரும் பகுதிக்கு வனத்துறையின் அனுமதி தேவை. பாலாற்று மணல் அழகுதான், வேலூரில் தண்ணீரில்லாத ஆறு என்று கேலி செய்பவர்கள் படப்பிடிப்புக்கு வந்து பார்க்க வேண்டும். ஆனால் அதுவும் அரசு நிலம். மேலும், காற்றடித்தால் மணல் டிரம்ஸ் பெடலுக்குள்ளும் லென்ஸின் வளையத்துக்குள்ளும் போகும். எங்கள் லென்ஸ் ஒன்று திருப்பும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குவதுபோல் ஒலிக்கத் தொடங்கி, வைப்புத்தொகையில் 800 ரூபாயைத் தின்றது.

ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் பழைய தொழிற்கூடங்கள் ராக் பாட்டுக்கென்றே கட்டியவைபோல் தெரியும். உடைந்த கூரையும் துருப்பிடித்த குழாயும் தரையில் மஞ்சள் நிறத் தேக்கமும் கண்டு நாங்கள் மயங்கி நின்றோம். வேதியியல் படிக்கும் அக்கா ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, அந்த மஞ்சள் குரோமியக் கழிவாக இருக்கலாம், அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள் என்று எச்சரித்தார். தோல் பதனிடும் தொழிலும் குரோமிய ரசாயனமும் இருந்த ஊரில் இது வெறும் அச்சமில்லை. கைவிடப்பட்ட கல்குவாரிகளுக்கும் இதுவே பதில். அங்கே தேங்கிய தண்ணீரின் ஆழம் யாருக்கும் தெரியாது.

இடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சு வழக்கில் எல்லாமே வட ஆற்காடுதான். ஆனால் 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடும் வாலாஜாவும் சோளிங்கரும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கின்றன, ஏலகிரியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன, ஆரணியோ அதற்கு முன்பே திருவண்ணாமலையோடு போய்விட்டது. ஏலகிரிக்கான மனுவை எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு. அதுவும் திங்கட்கிழமை. அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் உங்கள் பாட்டை விடப் பெரிய துயரங்களோடு வந்தவர்கள் அங்கே காத்திருப்பார்கள். செவ்வாய், புதன் போன்ற நாள்களில் போவதே முறை.

ட்ரோன் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள சிறிய ட்ரோனை ஓட்ட விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் பதிவு எண்ணும், பறக்கும் இடம் எந்த நிற மண்டலத்தில் (பறக்கலாமா, அனுமதி வேண்டுமா என்று நிறத்தால் பிரித்த பகுதியில்) வருகிறது என்று வரைபடத்தில் பார்ப்பதும் தேவை. அப்துல்லாபுரத்தில் விமான நிலையமும் தொரப்பாடியில் மத்தியச் சிறையும் இருக்கும் ஊரில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் மூன்றாம் மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே பார்த்து ஒரு காட்சி எடுத்தோம். ட்ரோனா என்று கேட்காதவர்கள் குறைவு.

ஆக, உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியவை கல்லூரி அரங்கம், பணிமனை, மொட்டை மாடி, உறவினரின் நெல் மண்டி அல்லது கிடங்கு, தனியார் தோப்பு ஆகியவைதான். நாங்கள் ஒரு கிடங்கையும் கல்லூரிப் பணிமனைக்குப் பின்னாலிருந்த வெற்றுச் சுவரையும் பயன்படுத்தினோம்.

5. கடிதக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் கீழ்க்கண்டவை எப்போதும் இருக்கட்டும்: துறைத்தலைவர் பரிந்துரைத்து முதல்வர் ஒப்பமிட்ட கல்லூரிக் கடிதம்; படப்பிடிப்பில் இருக்கப்போகும் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை நகலும்; கருவிகளின் பட்டியல், வரிசை எண்களோடு; வண்டி எண்கள்; மணி வாரியான கால அட்டவணை; எதற்கும் சேதம் வந்தால் நாங்களே பொறுப்பு என்ற உறுதிமொழி; இட உரிமையாளரின் சம்மதக் கடிதம்; பாட்டின் முழு வரிகள்.

கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்குத் தொல்லை கொடுத்தது. எங்கள் பாட்டில் "கோட்டையை உடைத்தெழுவோம்" என்று ஒரு வரி உண்டு. மனுவைப் படித்த அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கோட்டைப்பா?" என்று கேட்டார். மனக்கோட்டை ஐயா என்றோம். அவர் சிரிக்கவில்லை. அந்த வரிக்கு அருகே விளக்கம் எழுதி மறுநாள் கொண்டுவரச் சொன்னார். ராக் பாட்டு வரிகளில் எரிப்பதும் உடைப்பதும் வராமல் இருக்காது. ஆகவே பாட்டின் கருத்தை மூன்று வரியில் சாதுவான தமிழில் எழுதி மேலே இணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு படிகளாகக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரையில்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். எங்கள் மனு ஒன்று காணாமல் போனபோது நாங்கள் கொடுத்ததற்கே சான்றில்லாமல் நின்றோம். கல்லூரிக் கடிதத்துக்கு 10 நாளும் வெளி அலுவலகங்களுக்கு 3 முதல் 4 வாரமும் ஒதுக்குங்கள். தெருவிலோ பொது இடத்திலோ எடுப்பதென்றால் மாநகராட்சிக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் தனித்தனியே மனு கொடுக்க வேண்டும். படத்தில் முகம் தெரிய வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வரிச் சம்மதக் கையொப்பம் வாங்குங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் கையொப்பம்.

ஒலிபெருக்கி விதிகளையும் மறக்க வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். நோயாளிகளை நம்பியே பாதி நகரம் இயங்கும் ஊரில், இரவுக்காட்சி என்றால் மூடிய கிடங்கே தகுந்த இடம்.

6. பணக்கணக்கு

15,000 ரூபாய் என்று திட்டமிட்டோம். முடிந்தபோது 27,340 ஆகியிருந்தது. இரண்டு கேமராக்களுக்கு நாள் வாடகை 3,600, மூன்று லென்ஸ்களுக்கு 2,100, இரண்டு எல்இடி விளக்குகளுக்கு 1,600, ஜெனரேட்டரும் பெட்ரோலும் 2,100, புகை எந்திரம் 700 என்பவை நாங்கள் எதிர்பார்த்தவை. டிரம்ஸ் வாடகை 3,000, அதை ஏற்றி இறக்க வண்டிக்கு 1,800, இரண்டாவதாக எடுத்த அரை நாள் படப்பிடிப்புக்கு 3,700, வன்தட்டுக்கு 4,200, நகலெடுக்கவும் அலையவும் 900 என்பவற்றை யாரும் கணக்கில் கொண்டிருக்கவில்லை. 14 பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு 3,640. முதல் வேளை பிரியாணி வாங்கிக் கொடுத்த பிறகு டிரம்ஸ் வாசிப்பவர் மூன்று மணி வரை கையைத் தூக்கவில்லை; மதியம் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும், வேலை முடிந்த பிறகு பிரியாணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. கருவிகளை வாடகைக்கு வாங்கும்போது

கடையிலிருந்து கிளம்பும் முன், கேமராவின் நான்கு பக்கமும் லென்ஸின் இரு கண்ணாடிகளும் தெரியக் கைப்பேசியில் காணொளி எடுத்து, கடைக்காரர் முன்னிலையிலேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளைச் சுவரை நோக்கி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசி இருப்பது தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த கேமராவில் புள்ளி இருந்ததை நாங்கள் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கடைக்காரர் கண்டுபிடித்தார், பழி எங்கள் மேல் விழுந்தது. ஆதார் அசலைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். நகலின் குறுக்கே எந்தத் தேதியில் எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஒரு கேமராவுக்குக் குறைந்தது மூன்று பேட்டரிகளை எண்ணி வாங்குங்கள்.

8. படப்பிடிப்பு நாள்

4 நிமிடப் பாட்டை ஒருமுறை முழுதாக எடுக்க, வியர்வை துடைத்து, கேமராவை நகர்த்தி, மறுபடி நிற்க எல்லாம் சேர்த்து 12 முதல் 15 நிமிடம் ஆகும். ஒரே இடத்தில் பாடகர், கிதார், பேஸ், டிரம்ஸ், அகலக்காட்சி என்று எட்டு முறை எடுத்தால் இரண்டு மணி நேரம். முழுவிசையில் டிரம்ஸ் வாசிப்பதை ஐந்தாவது முறைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்பதால், டிரம்ஸ் வாசிப்பவருடைய நெருக்கக் காட்சிகளை முதலில் எடுத்துவிடுங்கள். கிதாரில் ஒலிக்கம்பி (கேபிள்) செருகியிருக்கட்டும். ஒலி வராவிட்டாலும் அது தொங்க வேண்டும், இல்லையென்றால் பார்க்கிறவர்களில் வாசிக்கத் தெரிந்த முதல் ஆளே அதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்வார்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 பிரேம் (தனிப்படம்), ஷட்டர் (ஒரு பிரேமில் ஒளி விழும் நேரம்) விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப்லைட் துடிப்பு பெரும்பாலும் தெரியாது. 24 பிரேமில் ஷட்டரையும் அதற்கேற்ற 48இல் ஒரு பங்கில் வைத்துச் சினிமாத்தனமாக எடுத்த எங்கள் கிடங்குக் காட்சிகளில் பின்னணி விளக்கு மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. உதடு பொருந்தும்படி மெதுவோட்டக் காட்சி வேண்டுமென்றால் 50 பிரேமில் எடுத்து, பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பல்லவிக்கு மட்டும் செய்தால் போதும், முழுப் பாட்டுக்கும் பாடகரின் தாடை தாங்காது.

ஒலியை ஒரே ஒலிபெருக்கியில் கொடுங்கள். இரண்டு புளூடூத் பெட்டிகளை வைத்தால் ஒன்றுக்கொன்று நேரம் தவறும். அகலக்காட்சியில் இன்னொரு தவறு நேரும்: ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும், ஆகவே கேமராவுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுக் குழுவை 34 மீட்டர் தள்ளி நிறுத்தினால் அவர்கள் கேட்பது பத்தில் ஒரு விநாடி தாமதம், அதாவது 25 பிரேமில் இரண்டரைப் பிரேம். பெட்டியைக் குழுவின் காலடியில், கேமராவுக்குத் தெரியாமல் வையுங்கள். எடிட்டில் டிரம்ஸ் குச்சி தோலைத் தொடும் பிரேமைப் பார்த்துப் பொருத்துங்கள்.

புகை எந்திரத்தை மூடிய கிடங்கில் ஓடவிடும்போது கதவு ஒன்று திறந்திருக்கட்டும். ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வைக்காதீர்கள். தீ, பட்டாசு, பெட்ரோல் என்று யாராவது பேச்செடுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

நடிப்பிலும் கேமராவிலும் சேராத ஓர் ஆள் கோப்போடு வாசலில் இருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்வது அவர் ஒருவர் மட்டுமே. எங்களுக்கு அப்படி நின்ற நண்பர் அன்று மூன்று முறை கடிதம் காட்டினார், ஒருமுறை பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க வைத்தார்; அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் சத்தம் என்று குறை சொல்லவில்லை.

9. கோப்புகள்

விநாடிக்கு 100 மெகாபிட் என்று 4கே தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். 64 ஜிபி அட்டை ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே தாங்கும். நிறைந்த அட்டையை எடுத்தவுடன் அதன் மேல் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, இரு வேறு வன்தட்டுகளில் பிரதியெடுத்து, திறந்து பார்த்த பிறகே அழிக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாவதாக அரை நாள் படப்பிடிப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் மழையில்லை. நிறைந்த அட்டையை வெறும் அட்டை என்று நினைத்து நானே ஃபார்மட் செய்தேன். அதில் இருந்தது கிதார் தனி வாசிப்பு. கிதார் வாசிப்பவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எடிட்டில் முதலில் குழு வாசிக்கும் காட்சிகளை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் கட்டி முடியுங்கள். அதற்குப் பிறகு கதைக்காட்சிகளை அதன் மேல் வையுங்கள். ஒருவர் தொடர்ந்து செய்தால் பத்து நாள், வகுப்புக்குப் போய்க்கொண்டு செய்தால் மூன்று வாரம்.

10. பதிவேற்றம்

இணையத்தில் மட்டும் வெளியிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. திரையரங்கில் காட்டுவதென்றால் தேவை. கல்லூரியின் பெயரையோ சின்னத்தையோ படத்தில் போட எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் மட்டும் போடுங்கள். சுவரில் சின்னம் தெரிந்த ஒரு காட்சியை நாங்கள் மங்கலாக்கினோம்.

பாட்டை ஏதாவது விநியோகச் சேவை மூலம் ஒலித்தளங்களில் முன்பே வெளியிட்டிருந்தால், அந்தச் சேவை யூடியூபில் உங்கள் ஒலியைத் தன் கணக்கில் பதிந்து வைத்திருக்கலாம். அப்போது உங்கள் சொந்தப் பாட்டுக்கு உங்கள் சொந்தச் சேனலிலேயே பதிப்புரிமைக் கோரிக்கை வந்து விழும். வெளியீட்டு அறிவிப்பை நண்பர்கள் பகிர்ந்துகொண்டிருந்த இரவில்தான் எங்களுக்கு அது வந்தது. விநியோகச் சேவைக்குச் சேனல் முகவரியை அனுப்பி விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்ன பிறகு, கோரிக்கை நீங்க நான்கு நாள் பிடித்தது. வெளியீட்டு நாளுக்கு ஒரு வாரம் முன்பே படத்தைத் தனிப்பட்டது என்ற நிலையில் ஏற்றிவைத்து, கோரிக்கை எதுவும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சுவரொட்டி அடியுங்கள்.